இரண்டு புள்ளிகள்

குரியாச்சன் முதலாளிக்கு
நாளைக் காலைக்குள் சுவீடன் வேண்டும்.
முழு நாடும் அல்ல.
வருஷத்துக்கு எத்தனை டன் ஏலக்காய்
வாங்குகிறார்கள் என்ற ஒற்றை வரி.
"சர்க்கார் கணக்கு வேணும் கேட்டோ,
புரோக்கர் வாயில வர்றது வேண்டா."

கம்பம்மெட்டில் எங்கள் ஆபீஸ்.
மேசையின் இந்த முனையில் செல்போன் தமிழ்நாடு,
ஸ்டேப்ளர் பக்கம் தள்ளினால் கேரளம்.
நடுவில் வைத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பனி, படகு, ராஜா குடும்பம் எல்லாம் பார்த்துவிட்டு
ராத்திரி பதினோரு மணிக்கு
அவர்கள் புள்ளிவிவர அலுவலக வாசலுக்கு வந்தேன்.
காவலர் இல்லை. டோக்கன் இல்லை.
என்ன விஷயமாக வந்தாய் என்று கேட்க ஆளில்லை.
ஒரு வாரிசுச் சான்றுக்காக
உத்தமபாளையத்தில் நான்கு திங்கட்கிழமை
வேப்பமரத்தடியில் நின்றவள் நான்.
திறந்து கிடக்கும் கதவைப் பார்த்தால்
சந்தேகம்தான் வருகிறது.

உள்ளே எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறார்கள்.
நாய்களை, ஊர்வாரியாக.
தனியாகக் குடியிருப்பவர்களை, வயதுவாரியாக.
ஜாதிக்காய், ஜாதிபத்திரியோடு ஒரே தலைப்பில்
நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது ஏலக்காய்.
அங்கே கமாதான் தசமப் புள்ளி என்று தெரியாமல்
ஐந்து நிமிஷம் முதலாளியைக் கோடீஸ்வரராக்கி
மறுபடி பழைய முதலாளியாக்கினேன்.

அட்டவணைக்குக் கீழே எறும்பு எழுத்தில் குறிப்பு:
சிறு கோடு என்றால் எதுவும் இல்லை.
இரண்டு புள்ளி என்றால் தகவல் இல்லை.
இரண்டும் ஒன்றல்ல என்று
எந்த அரசாங்கமும் அதுவரை
என்னிடம் ஒப்புக்கொண்டதில்லை.

ஆறரைக்கு ஜீப்புகள் மூச்சிரைத்து ஏறி வந்தன.
பின்படியில் தொங்குகிறவளின் தூக்குவாளி
வண்டிக்கு வெளியே ஆடியது.
செக்போஸ்ட்டில் ஏட்டையா வண்டி நம்பர் எழுதுவார்.
'சரக்கு' என்ற கட்டத்தில் 'ஆள்' என்று எழுதுவார்.
எத்தனை என்பதற்குக் கட்டம் இல்லை.
அந்தப் பக்கம் கேட்டால், தமிழ்நாட்டுக்காரிகள்.
இந்தப் பக்கம் கேட்டால், வேலை அங்கேதானே.
போன ஆவணியில் ஒரு ஜீப் வளைவில் புரண்டபோது
மூன்று பேப்பரில் மூன்று எண்ணிக்கை வந்தது.
தன் நாத்தனார் எந்தப் பேப்பரில் சேர்த்தி என்று
ஒச்சம்மாள் கேட்கவில்லை.

டீக்கடையில் ஜீப் நின்றது. அவளிடம் சொன்னேன்:
நீங்க எடுக்கிற காய் பனி கொட்டுற நாட்டுக்குப் போகுதுக்கா,
இடிச்சு ரொட்டி மாவுல போடுறாங்க.
"ஒரு ரொட்டிக்கு எத்தனை காய்?"
தெரியலக்கா.
"அப்ப விடிய விடிய என்னத்தத்தான் பார்த்தே?"
பாதி டீயைப் பக்கத்தில் நின்றவளுக்குக் கொடுத்துவிட்டு
ஏறிக்கொண்டாள்.

முதலாளிக்கு வரியை அனுப்பினேன்.
கீழே மூலம், பார்த்த தேதி, பார்த்த நேரம்.
குவாத்தமாலாக்காரன் எவ்வளவு என்று கேட்டார்.
அதுவும் இருந்தது. அதையும் அனுப்பினேன்.

மறுநாள் காலை ஜன்னலோரம்
பழைய ஏல நோட்டின் பின்பக்கம் கோடு கிழித்தேன்:
கம்பம்மெட்டு வழி. பெண்கள்.
முதல் ஜீப் பதினாறு.
இரண்டாவது பதினான்கு, டிரைவரை விட்டு.
மூன்றாவது பதினாறோ பதினேழோ, பதினாறு என்றே எழுதினேன்.
நாலாவது, மஞ்சுக்குத் தார்ப்பாயை இறக்கிவிட்டு
நிற்காமல் போய்விட்டது.
அந்தக் கட்டத்தில் கோடு போடக் கை போனது.
நிறுத்தி, இரண்டு புள்ளி வைத்தேன்.

ஐந்தாவது: பதினைந்து.
ஒருத்தி மடியில் கைக்குழந்தை.
எண்ணலாமா, தெரியவில்லை.