யாரு வீட்டுக்கு

விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில்
‘சொந்த வேலை’ என்று எழுதினேன்.
வண்ணார்பேட்டை பேட்டரிக் கடையில்
பதினாறு வருஷமாய் இதையேதான் எழுதுகிறேன்:
மகனுக்கு அம்மை, மாமனாருக்குக் கண் ஆபரேஷன்,
ரேஷன் கார்டில் பெயர்த் திருத்தம்.
இந்தச் செவ்வாய்தான்
அந்த இரண்டு சொல்லும் உண்மை.

ஜங்ஷனில் செங்கோட்டை வண்டி.
கவுன்டரில் இருந்தவர் “எங்க?” என்றார்.
பின்னால் நின்றவர் சில்லறையைக் குலுக்கினார்.
பலகையில் கண்ணில் பட்ட பெயரைச் சொன்னேன்.
“ரவணசமுத்திரம். ஒண்ணு.”
“ஒண்ணுதானா?”
“ஒண்ணுதான்.”

இந்தச் சீமை முழுக்க எனக்குத் தெரியும்,
இப்படித் தெரியும்:
சேரன்மகாதேவி என்றால் ஒரு சடங்கு வீடு.
வீரவநல்லூர், பதினாறாம் நாள் காரியம்.
கல்லிடைக்குறிச்சியில் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போனோம்;
பஜ்ஜி நன்றாக இருந்தது,
பெண்ணுக்குத்தான் எங்களைப் பிடிக்கவில்லை.
எல்லா ஊரிலும் ஒரு பந்தல், ஒரு நாற்காலி,
“சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”
பந்தலுக்குப் பின்னால் ஊர் இருந்திருக்கும்.
பார்த்ததில்லை.

இன்று அந்த ஊர்கள் ஒவ்வொன்றாய்
ஜன்னலில் வந்து நின்று
‘இறங்கலையா?’ என்பதுபோல் பார்த்துவிட்டுப்
பின்னால் போயின.
அம்பை தாண்டியதும் மலை வந்து
பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

இறங்கியது நானும் ஒரு சைக்கிள் டயரும்.
டயரை வாங்கிக்கொள்ள ஆள் வந்திருந்தது.

முதல் கேள்வி தண்டவாளத்தைத் தாண்டுமுன்பே வந்தது.
“யாரு வீட்டுக்கு வந்திய?”
“யாரு வீட்டுக்கும் இல்ல.”
“அப்பம் நெலம் பாக்கவா?”
“இல்ல, சும்மா.”
அவர் என் பையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார்,
எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தார்.
சும்மாவுக்கு ஒரு பொம்பளை ஒத்தையில் வந்து
அவர் கண்டதில்லை போல.
நானும்தான்.

வாய்க்கால் கரையோடு நடந்தேன்.
யாருக்கும் பின்னால் இல்லை, யாரையும் இழுத்துக்கொண்டு இல்லை.
என் நடை இவ்வளவு மெதுவானது என்று
எனக்கே தெரியாது.
ஒரு நாரைக்காக இருபது நிமிஷம் நின்றேன்.
அது ஒன்றும் செய்யவில்லை.
நானும் ஒன்றும் செய்யவில்லை.
கல் பாலத்துக்கு அடியில் இறங்கினால் குளிர்;
தண்ணீரில் விழுந்த வெயில் திரும்ப மேலேறி
பாலத்தின் வயிற்றில் நெளிந்துகொண்டிருந்தது.
அங்கேயே உட்கார்ந்து புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
நானே பரிமாறி, நானே முதலில் சாப்பிட்டேன்.
அப்பளம் நொறுங்கியிருந்தது. பரவாயில்லை.

உண்மையைச் சொன்னால், ஒரு தடவை பயமும் வந்தது.
ஒரு பைக் வேகம் குறைத்தது,
பிறகு போய்விட்டது.
அடுத்த அரை பர்லாங்
கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டே நடந்தேன்.
மறந்துபோய்ப் பையில் போட்ட அந்தக் கல்
இப்போது கடையில் பில் கட்டின்மேல் இருக்கிறது.

சாயங்காலம் ஸ்டேஷன் வேப்பமரத்தில்
ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.
அதே கேள்வி.
பாலத்தைச் சொன்னேன், வெயில் நெளிந்ததைச் சொன்னேன்.
“அடியிலயா? அங்க என்ன இருக்கு?
நான் இங்க வாக்கப்பட்டு வந்து இருவத்தாறு வருசம்.
மேல நடந்திருக்கேன்.
அடியில போனதில்ல.”
ஆட்டைப் பார்த்தாள்.
“நாளைக்குப் போயிப் பாக்கேன்.”

வண்டி வரும் மணி அடித்ததும் அவசரமாய்ச் சொன்னாள்:
“எம் பேரு மைமூன். பள்ளிவாசல் தெரு, பச்சைக் கதவு.
இனிமே வந்தா நம்ம வீட்டுக்குத்தான் வரணும், என்ன?”
சரி என்றேன். நம்பரும் வாங்கிக்கொண்டேன்.

கடையம் பக்கம் விளக்கு எரியத் தொடங்க
வண்டி எதிர்த்திசையில் கிளம்பியபிறகுதான் உறைத்தது:
இந்த ஊரிலும் ஒரு வீடு வந்துவிட்டது.

அடுத்த விடுப்புக்குக்
கொஞ்சம் தள்ளி, மேட்டூர்.
அணை இல்லாத மேட்டூர்.
அங்கே இன்னும் எனக்கு
யாரும் இல்லை.