மீதிச் சில்லறை

ஜெபசெல்வி பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள்.
அங்கே இப்போது பதினெட்டு டிகிரியாம்,
மின்விசிறியே போடவில்லையாம்.
எனக்கு இங்கே மழை ஈரத்தில் கதவு உப்பி
சாத்த வரவில்லை.
தோளால் இடித்துக்கொண்டே
"அப்படியா" என்றேன்.

வாழத் தகுந்த ஊர்கள் என்று
எவரோ போட்ட பட்டியலையும் அனுப்பியிருந்தாள்.
மும்பையைத் தேடி
வெகுதூரம் விரலால் தள்ள வேண்டியிருந்தது.
சரிதான்.
பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை.
விடிகாலை ஐந்துக்கு வந்து
ஐந்தே முக்காலுக்குப் போய்விடும் தண்ணீர்.
கிழக்குக் காற்றடித்தால் தேவனார் குப்பைமேடு
கேட்காமல் உள்ளே வந்து உட்காரும்.
மறைக்க என்ன இருக்கிறது?

தில்லியில் இரண்டு குளிர்காலம் இருந்தேன்.
அகலச் சாலை, வேப்பமரம், மொட்டைமாடி வெயில்.
ஏழரைக்குமேல் அங்கே என்னிடம்
எல்லோருக்கும் ஒரே கேள்வி:
கூட யார்?

சென்னையில் ஆட்டோக்காரரோடு
என் சொந்த மொழியிலேயே சண்டை போட முடிந்தது.
அது ஒரு சுகம், இல்லையென்று சொல்லவில்லை.
தோற்றதும் அதே மொழியில்தான்.

இந்த ஊரின் மனஉறுதி என்றெல்லாம்
வெள்ளம் வடிந்த மறுநாள் பேசுவார்களே,
அதையும் நான் சொல்லவரவில்லை.
போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள்,
போனோம்.

நான் சொல்ல வந்தது நேற்று ராத்திரியை.
டயாலிசிஸ் பிரிவில் கடைசி நோயாளிக்கு
ஊசி எடுத்த இடத்தில் இரத்தம் நிற்கத் தாமதம்.
கடைசிக்கு முந்தின வண்டி.
பெண்கள் பெட்டிக் காவலுக்கு வந்த போலீஸ்காரர்
கொட்டாவி விட
அது எதிர் இருக்கைக்குத் தொற்றி, பிறகு எனக்கும்.
திலக் நகரில் இறங்கினால் மழை.
பன்னிரண்டே முக்கால்.
ஈரத் துப்பட்டாவோடு பாலத்தடியில் நடந்தேன்;
டீக்கடைக்காரர், ஒரு பூனை, சீட்டாடும் நான்கு பேர்.
ஒருவரும் நிமிரவில்லை.
ஒருவரும் நிமிராததை
எந்தப் பட்டியலில் எந்த வரியில் எழுதுவார்கள்?

ஆட்டோ. கேட்காமலே மீட்டரைப் போட்டார்.
சந்து முனையில் இருபத்தாறு.
முப்பதைக் கொடுத்து இறங்கினேன்.
"ருக்கோ மேடம்" என்றார்.
சட்டைப்பையில் இல்லை. சீட்டுக்கடியில் இல்லை.
சாமி படத்துக்குப் பின்னால் ஒரு ரூபாய்.
செல்போன் வெளிச்சத்தில்
கால்மிதியைத் தூக்கித் தேடுகிறார்.
பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடிக்கிறது.

பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்று
சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
நனைந்துகொண்டே நின்றேன்,
மீதி மூன்று ரூபாய்க்கு.