நிப்பாட்டு

குவைத்திலிருந்து பெட்டி வந்தது.
சோப்பு, பால்மா, ரொஷினிக்குச் சப்பாத்து,
எல்லாத்துக்கும் அடியில் துவாயில் சுற்றி
மா குழைக்கும் மெசின்.
அதன் பிளக்குக்குச் சதுரப் பல்.
எங்கள் காம்பராச் சுவருக்கு வட்டக் கண்.
பொகவந்தலாவை டவுனில் முந்நூற்றெண்பது ரூபாய்க்கு
இரண்டுக்கும் ஒரு சமாதானம் வாங்கிவந்தேன்.

மெசின் கேட்டது நானில்லை.
என் உள்ளங்கையில் தேயிலைக் கறை,
எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாதது.
அப்பா குழைத்தால் ரொட்டி சாம்பல் நிறம் என்று
மகள் ஒருநாள் போனில் போட்டுக்கொடுத்தாள்.

முதல் நாள் பித்தானை அமுக்கியதும்
லயம் முழுக்க பல்ப் மங்கியது.
பக்கத்துக் காம்பரா இருளாயி
கரண்டியால் சுவரில் தட்டினாள்:
"அங்க என்னா, ஃபெக்டரியா நடத்துற?"

கேட்டதில் பிழையில்லை.
பகலெல்லாம் ஃபெக்டரியில்தான் நிற்கிறேன்,
ரோலர் அறையில், பதினாறு வருஷம்.
வாடிய கொழுந்து முறுகும்போது
எந்த பெயாரிங் எண்ணெய் கேட்கிறதென்று
திரும்பிப் பார்க்காமலே சொல்வேன்.
ஒரு சட்டி மாவா எனக்குப் பெரிது?

பெரிதுதான்.
முதல் மா கஞ்சியாய்ப் போனது.
இரண்டாவது கத்தியின் கழுத்தில் ஏறி
மூடிக்குள் அப்பி, மோட்டார் முனகி,
ரப்பர் கருகும் வாசம்.
அதையும் தட்டிச் சுட்டேன்.
"செருப்பு மாதிரி இருக்குப்பா" என்றாள் ரொஷினி.
இன்னொன்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை.
சந்தனமேரிக்கு அங்கே ஆறு மணி.
போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன்.
படம் வரவில்லை. மழை நாளில்
சத்தம் மட்டும்தான் இந்த மலை ஏறும்.
"காட்ட வேணாம். போடு. நான் கேக்குறேன்."

கோதம்ப மா இரண்டு சுண்டு.
துருவிய தேங்காய் ஒரு கை. உப்பு.
மேல் குழாயால் தண்ணீர்.
"ஊத்தாத, வடிய விடு."
மா முதலில் வறண்ட தொண்டையில் இருமியது.
பிறகு சரசரவென்று
சருகில் யாரோ நடக்கிற மாதிரி.
"இன்னும் ஒரு போத்தல் மூடி. போதும், போதும்."

எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
நாலு வருஷம், அந்த வீட்டில் ஒன்பது பேர்,
நாளைக்கு எத்தனை உருண்டை என்று
மனசுக்குள் கணக்கு ஓடியது.
அதை நிறுத்திக்கொண்டேன்.

தொம். தொம்.
மா திரண்டு பக்கச் சுவரில் இடித்தது.
அப்போதுதான் கவனித்தேன்,
போனுக்குள்ளும் அதே தொம் தொம்,
கொஞ்சம் கனமாய், கொஞ்சம் முந்தி.
அவளும் போட்டிருக்கிறாள்.

"நிப்பாட்டு."

பித்தானை விட்டேன்.
அங்கேயும் சத்தம் நின்றது.
எனக்குச் சொன்னாளா,
தன் கைக்குச் சொல்லிக்கொண்டாளா, தெரியாது.
பின்னால் யாரோ அரபியில் கூப்பிட்டார்கள்.
"ஈரத் துணியால மூடி வை, இருபது நிமிசம்" என்றாள்.
போன் அணைந்தது.

துணியைப் பிழிந்தேன்.
மணி எட்டு நாற்பது.
அங்கேயும் ஒரு துணி நனைந்திருக்கும்.

லயத்தில் பல்ப் எல்லாம் நிமிர்ந்தன.
சுவரில் கரண்டி தட்டியது:
"வெந்ததும் ரெண்டு இங்கிட்டு அனுப்பு.
இல்லாட்டி கரண்ட் காசுல பாதி குடு."