நாற்பத்து மூன்றாம் பக்கம்

முதல் நாள் நான்தான் எழுதினேன்.
கழித்தல் கணக்கு, ஏழு.
பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கும் இடத்தில்
பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டாள் கேதுஷா.
கடன் வாங்குவது எனக்குத் தெரியாத கணக்கா?
பிரட்டுக்கு நேரமாகிறது.
இடுப்பில் படங்கைக் கட்டியபடியே குனிந்து
மளமளவென்று போட்டு,
படம் பிடித்து அனுப்பிவிட்டு
மலைக்கு ஓடினேன்.

இரவு வந்தது சுபாஜினி டீச்சரின் குரல்,
பதினொரு விநாடி.
"அம்மாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.
நாளைக்கு மகளின் கையெழுத்தைப் பார்க்க ஆசை."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்,
மனதுக்குள்ளாவது.
சிரித்துக்கொண்டே சொன்னதை என்ன செய்ய?
அடுப்பில் ரொட்டி கருகியது.

மறுநாள் போனை அவளிடம் விட்டேன்.
கடையில் இன்னும் இரண்டு தவணை பாக்கி,
கண்ணாடியில் ஏற்கனவே ஒரு விரிசல்.
நூற்றெட்டு முறை பத்திரம் சொன்னேன்.
லயத்துக்குள் சிக்னல் கிடையாது.
கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் ஒரு கல்,
ஏறி நின்றால் இரண்டு கோடு.
பொகவந்தலாவை மூட்டம் இறங்கினால்
அதிலும் ஒன்று போய்விடும்.

பதினேழாம் நம்பர் மலையிலிருந்து
கல் தெரியும்.
கல்மேல் சிவப்பு சுவெட்டர் தெரியும்.
உள்ளே இருப்பவள் அழுகிறாளா
கொட்டாவி விடுகிறாளா தெரியாது.
கை கொழுந்தில், கண் கல்லில்.
"முத்தின இலையா பிடுங்குற?"
கங்காணி இரண்டு முறை கத்திவிட்டார்.

மூன்றாம் முறை நான் நிமிர்ந்தபோது
சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு நீலம், ஒரு மஞ்சள்,
யார் வீட்டுக் குடையோ அவர்கள் மேலே.
ஒரு போனுக்குள் நாலு தலை.
எப்போது கூட்டினாள் இந்தச் சபையை?
நான் சொல்லவில்லை.
டீச்சரும் சொல்லியிருக்க மாட்டார்.

தேத்தண்ணிக்குச் சற்று முன்னால் அந்தச் சத்தம்.
"விதுர்ஷா...! நாப்பத்திமூணாம் பக்கம்...!
ஒம்பது கணக்கும்...!"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழ்ப்பிரிவு.
விதுர்ஷன் வீட்டுப் போன்
அவன் அப்பாவின் சட்டைப்பையில்,
அப்பா ஊரடங்கில், கொழும்பில்.
பள்ளத்தில் விழுந்த அவள் குரல்
பாதிதான் ஏறியது அக்கரையில்.
"எ...ன்...னா...?"

என் பக்கத்து நிரையில் மரியசெல்வம்
கூடையோடு நிமிர்ந்து
எதிர்மலையைப் பார்த்து வாயைக் குவித்தாள்:
"நாப்பத்திமூணு!"
எதிர்மலையில் எவளோ அதை வாங்கி
"ஒம்பதும் செய்யணுமாம்டா!" என்று
கீழே இறக்கிவிட்டாள்.
கங்காணி ஒன்றும் பேசவில்லை.
அவர் பேரனும் மூன்றாம் வகுப்பு.

நான் மட்டும் கத்தவில்லை.
தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.
என் குரல் கேட்டால் திரும்புவாள்,
கை காட்டுவாள்,
அப்புறம் கணக்கை விட்டுவிட்டு
என்னையே தேடிக்கொண்டிருப்பாள்.
குனிந்து கொழுந்தைப் பிடுங்கினேன்.
அன்றைக்கு இரண்டு கிலோ குறைவு, அரைப் பேர்தான்.

அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டு வந்து
கொப்பியைக் கேட்டேன்.
ஒன்பதில் நாலு பிழை.
அழித்து அழித்து ஓரிடத்தில்
தாளே ஓட்டை.
என் கை தானாக ரப்பருக்குப் போனது.
தட்டிவிட்டாள்.

"விடும்மா. இதெல்லாம் நானே போட்டது.
விதுர்ஷனுக்கும் எனக்கும்
நாலு விடை ஒத்துக்கல.
யாரு பிழைன்னு
நாளைக்குக் கல்லுல ஏறிக் கத்திப் பார்ப்போம்."

யார் பிழை என்று எனக்குத் தெரியும்.
ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.