காற்றுக்காரன்

புது ஜன்னல் போட்ட குளிர்காலத்தில்தான்
எனக்குத் தலைவலி தொடங்கியது.
மூன்றடுக்குக் கண்ணாடி, ஓரமெல்லாம் ரப்பர்.
"இனி ஒரு பொட்டுப் புகை உள்ளே வராது"
என்றான் ரோக், கடன் வாங்கிய பெருமையில்.

வரவில்லைதான்.
ரிப்னிக் நகரத்து அடுப்புகள்
கரியோடு கையில் கிடைத்ததையும் தின்று
விடிய விடிய இருமிய இரவுகளில்
எங்கள் படுக்கையறை
இறுக்கி மூடிய ஊறுகாய் ஜாடி.

ஊறித்தான் எழுந்தோம்.
எட்டு மணி நேரம் படுத்தும்
யாருடைய தூக்கத்தையோ இரவல் வாங்கி
பாதியில் திருப்பிக் கொடுத்தாற்போல்.
பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில்
ஒரே நோயாளியின் பெயரை
இரண்டு முறை எழுதி வைத்தேன்.

பக்கத்து அறையில் ரோக்கின் தம்பி எவால்ட்.
மணவிலக்கானதும் "இரண்டு வாரம்" என்று வந்தவன்.
பத்தொன்பது மாதம் ஆயிற்று.
நடுவில் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள்.
குறட்டை கேட்கிறதென்று
எங்கள் கதவைச் சாத்தினேன்.
குறட்டை மட்டும் காரணமில்லை என்பது
மூவருக்கும் தெரியும்.
மூச்சுக்கு முந்நூறு தடவை
ரோக்கின் காதில் கேட்டிருக்கிறேன்:
எப்போது போவான்?

பிப்ரவரியில் ஒரு மாலை
சந்தையில் வாங்கிய சின்ன மீட்டரை
எங்கள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான்.
இருபத்தாறு வருடம்
பூமிக்கடியில் அவன் பார்த்த வேலை அதுவாம்:
காற்றை அளப்பது,
எந்தக் கதவு திறந்தால்
எந்த வழியில் ஆள் மூச்சுவிடுவான் என்று கணக்குப் போடுவது.
கரி வெட்டினான் என்றே நினைத்திருந்தேன்.
கேட்டதில்லை.

படுக்கும்போது அறுநூற்று எண்பது.
பன்னிரண்டு மணிக்கு ஆயிரத்து எழுநூறு.
மூன்று மணிக்கு, நாக்கு உலர்ந்து விழித்தபோது,
இரண்டாயிரத்து எழுநூறு.
எல்லாம் நாங்கள் விட்டது.
ரோக் விட்டதை நான், நான் விட்டதை ரோக்,
எச்சில் தட்டை மாற்றி மாற்றி
இரவு முழுக்க.

"சுரங்கத்தில் இந்த அளவுக்கு
யாரையும் மேலே ஏற்ற மாட்டோம்" என்றான் எவால்ட்,
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.
"ஆனால் அங்கே யாரும் தூங்க வருவதில்லை."

ஜன்னலைத் திறந்தால் ஊர்.
மூடினால் நாங்கள்.

"கதவையாவது திறந்து வை, ஓடிலியா.
காற்றுக்குச் சுற்ற இடம் வேண்டும்."
நான் பதில் சொல்லாமல்
தட்டுக் கழுவப் போனேன்.

அன்றிரவு ஒரு சாண் திறந்து
செருப்பை முட்டுக் கொடுத்தேன்.
முதலில் குறட்டை வந்தது.
பிறகு அவன் முழங்கால் தைலத்தின் வாடை.
எண் ஆயிரத்து முந்நூறைத் தாண்டவில்லை.

ஒரு வாரம் கழித்து,
விடியற்காலை ஐந்துக்கு ஐந்நூற்று இருபது.
மீட்டர் பழுது என்று நினைத்தேன்.
மறுநாளும் அதே.
அதற்கடுத்த நாள் நாலரைக்கே விழித்து
வெறுங்காலோடு நடைக்கு வந்தேன்.

சமையலறை ஜன்னல் அகலத் திறந்திருந்தது.
பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டி
இருட்டில் நின்றிருந்தான்,
மூக்கை மட்டும் தெருவுக்குக் கொடுத்து.
இரவு அடுப்புகள் அவிந்து
காலை அடுப்புகள் மூளாத
அரை மணி நேரம் அது.
முதல் புகைபோக்கி எப்போது கண் திறக்குமோ என்று
காவல் நின்றான்.

ஆலினா வீட்டுக் கூரையில் ஒரு சாம்பல் நூல் எழுந்தது.
சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்தினான்.
திரும்பியவன் என்னைப் பார்த்தான்.
திருடனைப் போல் விழித்தது அவனா, நானா,
இப்போதும் தெரியவில்லை.

பகலெல்லாம் சோபாவில் உருளுகிறான் என்று
நான் கரித்துக் கொட்டிய தூக்கம்
எங்களுடையது.

ஒன்றும் சொல்லவில்லை நான்.
போய்ப் படுத்தேன்.
ஏழு மணி வரை அடித்துப் போட்டாற்போல் கிடந்தேன்.
செருப்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு ரோக்கே ஆரம்பித்தான்:
"எவால்டிடம் எப்போது பேசலாம்?"
மீட்டருக்கு பேட்டரி தீரப்போகிறது,
நாலைந்தாக வாங்கிவா என்றேன்.