நாற்பதுக்கு முப்பத்திரண்டு

இடப்பக்கச் சக்கரம்தான் போனது.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
பின்னெடுத்த தேங்காய் லாரி
லேசாகத் தொட்டது, அவ்வளவுதான்.
வளையம் முறுக்கிக்கொண்டது.
மடியிலிருந்த லாட்டரிச் சீட்டைத்தான் முதலில் எண்ணினேன்,
பிறகு முறிந்த கம்பிகளை.

சிக்கந்தர் ஹப்பைக் கழற்றி உருட்டிப் பார்த்தான். பழுதில்லை.
"இது நாப்பது ஓட்டை, ரங்காத்தா.
நாப்பது ஓட்டை வளையம் இப்ப ஆரு விக்கிறா?
கொழிஞ்சாம்பாறை வரைக்கும் போனாலும் முப்பத்தாறுதான்."

அதுவரைக்கும் ஓடட்டும் என்று
பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியின் பின்சக்கரத்தை
அதன் ஹப்போடு மாட்டிவிட்டான். இருபத்தாறு இஞ்சு.
வலப்பக்கம் இருபத்தெட்டு.
வண்டி ஒரு இஞ்சு சாய்ந்தது.
ஒரு இஞ்சு என்றால் எவ்வளவு என்று
நாளெல்லாம் அதில் உட்கார்ந்திருப்பவளைக் கேளுங்கள்.
இடுப்பு ஒரு திசை, கழுத்து ஒரு திசை.
பலகையில் கிளிப் போட்ட சீட்டெல்லாம் ஒருக்களித்துத் தொங்கின.
கைப்பெடலைச் சுற்றச் சுற்ற
தண்ணீரைக் கண்ட எருமையாட்டம்
வண்டி வாய்க்கால் பக்கமே இழுத்தது.
"சேச்சி, காலையிலேயே கள்ளா?" என்றான்
ஆட்டோ ஸ்டாண்டு பிஜு.
மூன்றாம் நாள் அந்த மெல்லிசு ஆக்சில் வளைந்தது.
அது ஒரு சிறுமிக்கும் ஒரு பைக்கும் வார்த்தது.

ஆக, ஹப்பு என்னுடையதே இருக்க வேண்டும்.
வளையம் ஒன்று கிடைத்தது:
பேப்பர் போடும் சசிதரன் தூக்கிப் போட்ட
பழைய சைக்கிளின் முன்சக்கரம்.
இருபத்தெட்டேதான். உயரம் சரி.
ஓட்டை முப்பத்திரண்டு.
"ரெண்டும் சேராது" என்று
வளையத்தைத் திரும்ப ஆணியில் மாட்டப் போனான்.

எனக்குக் கால் வராது. கணக்கு வரும்.
கடைசி நாலு எண்ணைத் தடவிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு நடுவில்
பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.
"நாப்பதுன்னா பக்கத்துக்கு இருபது.
முப்பத்திரண்டுன்னா பதினாறு.
நாலு கோத்து ஒண்ணு விடு.
மறுபடி நாலு கோத்து ஒண்ணு விடு."
அவன் வாயிலிருந்த பீடியை எடுத்தான்.
ஹப்பைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.
விரலால் தொட்டுத் தொட்டு ஒரு சுற்று வந்தான்.

கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. கம்பி முடியவில்லை.
விட்ட ஓட்டைக்கு இந்தப்புறத்துக் கம்பி நீண்டது,
அந்தப்புறத்துக் கம்பி எட்டவில்லை.
இரண்டு நூல் வித்தியாசம்.
என் கணக்கில் இல்லாத இரண்டு நூல்.
அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை.
நீண்டதை வெட்டி, டியூபைக் குத்தாதபடி அரம் போட்டான்.
எட்டாததற்கு டப்பா டப்பாவாகக் கவிழ்த்தான்.
வெயில் திரும்பியது.
மூன்று மணிக் குலுக்கல் முடிந்து
மடியில் மிஞ்சிய பதினேழு சீட்டும் வெறும் காகிதமானது.

அதில் ஒன்றைக் கேட்டான். கொடுத்தேன்.
மடித்துத் தாங்கு கம்பியில் செருகி
விளிம்பு வளையத்துக்கு மயிரிழை தள்ளி நிற்க,
சக்கரத்தைச் சுற்றிவிட்டான்.
சரக், ஓரிடத்தில்.
நிப்பிளை அரைத் திருகு. சரக்.
கால் திருகு. சர்.
"இன்னொரு கால் திருகு, சத்தம் போயிரும்."
"இருக்கட்டும். சீட்டையும் எடுக்காதே."

மறுநாள் காலை எண்ணிக்கொண்டே வந்தேன்.
சுற்றுக்கு ஒரு சர்.
கடையிலிருந்து பால் சொசைட்டி இருநூற்று ஆறு.
வாய்க்கால் பாலம் முந்நூற்று நாற்பது,
வண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
சீட்டுகள் நேராகத் தொங்கின.
ஹப்பில் எட்டு ஓட்டை சும்மா திறந்து கிடந்தன.
முந்நூற்றுத் தொண்ணூறு,
தொண்ணூற்று ஒன்று,
கோயமுத்தூர் பஸ்ஸிலிருந்து குதித்த ஒருவன்
குறுக்கே வந்து நின்றான்.
"ஏனுங்க, கடைசீல ரெண்டு எட்டு வர்ற மாதிரி
ஒண்ணு இருக்குதுங்களா?"

தேடிக் கொடுத்தேன்.
எண்ணிக்கை போயிற்று.