இடது இறக்கை, ஏழாவது இணைப்பு

மிங்கலாடோன் ஓடுதளத்தின் தென்கோடியில்
மழையில் நிறுத்திவைத்தார்கள் அதை.
கொட்டகை போடாதே என்பது உத்தரவு.
தார்ப்பாயும் கூடாது.
நனைவது அதற்கு வேலை,
நனைவதைப் பார்ப்பது எனக்கு.
நாள்கூலி ஒன்றேகால் ரூபாய்.

இரட்டை என்ஜின், ஒற்றை இருக்கை.
இந்தச் சாடையில் உலகத்திலேயே இரண்டுதான் என்றார் ஹெஸ்கெத் துரை.
ஒன்று அவர்கள் ஊர்க் குளிரில்,
இன்னொன்று ரங்கூன் மழையில்.
எண் உண்டு, பேர் கிடையாது.
பிழைத்தால் வைப்பார்களாம்.

இடது விசிறி வலம் சுற்றும், வலது விசிறி இடம்.
கோபித்துக்கொண்ட சம்பந்திகள் என்று
தெலுங்கில் சொல்லிச் சிரித்தான் அப்பலசாமி.

உடம்பெல்லாம் மரம்.
தல்லா கப்பல்துறையில் உளி பிடித்த கை இது,
தட்டிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது தேக்கு இல்லையென்று.
தேக்கு விளையும் சீமைக்கு
தக்கையை அனுப்பியிருக்கிறார்கள்!
நடுவில் தக்கை, இருபுறமும் மெல்லிய பலகை,
ஒட்டி, அழுத்தி, மறுபடி ஒட்டி.

காலை ஆறு மணிக்கு ஃபீலர் தகட்டை
ஏழாவது இணைப்பில் வைத்துப் பார்த்து எழுதுவேன்.
ஜூன் 11: நுழையவில்லை.
ஜூன் 12: நுழையவில்லை.
ஜூன் 29: ஆக மெல்லிய தகடு, நகக்கண் அளவு.
ஜூலை 8: அதே தகடு, முழுசாக.

அன்றைக்குத்தான் வாடை வந்தது.
புளித்த மோர்.
துரையிடம் கேட்டேன்.
பசை, என்றார், பாலைத் திரையவைத்துச் செய்வது.
எவ்வளவு பால்?
இங்கிலீஷில் எனக்கு அவ்வளவுதான் வந்தது.
ஒரு பண்ணை மாடுகள் என்பதுபோல்
இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

நாற்பத்திரண்டு மாசியில், தௌங்குப் கணவாயில்,
ஒரு டப்பா பாலுக்குத்
தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் செம்பாயி.
விற்கிறவனிடம் தீர்ந்துபோயிருந்தது.
பிள்ளைக்கு அன்று பதினொரு நாள்.
பேர் வைக்கவில்லை.

ஆகஸ்ட் பாதியில் சண்டை முடிந்தது.
துரை டக்கோட்டாவில் ஏறினார்.
நோட்டை யாரிடம் கொடுப்பது என்று கத்தினேன்.
கையை ஆட்டினார்.
போய்வருகிறேன் என்றா, வேண்டாம் என்றா,
என்ஜின் சத்தத்தில் விளங்கவில்லை.

கூலி நின்றது.
அப்பலசாமி துறைமுகத்துக்கு அரிசிமூட்டை தூக்கப் போனான்.
நான் ஆறு மணிக்குப் போனேன்.
செப்டம்பர் 4: மூன்று தகடு சேர்த்து.
செப்டம்பர் 19: சுண்டுவிரல்.
அக்டோபர் 2: கை.
உள்ளே ஈரம், கொஞ்சம் சூடு,
முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் எறும்புகள்.
கையை எடுக்க எனக்கு நேரமாயிற்று.

மழை விட்ட பிறகு ஒருநாள்
உத்தரவை மீறித் தார்ப்பாய் போட்டு மூடினேன்.
அதற்கென்ன அர்த்தம் என்று கேட்டால்
எனக்கும் தெரியாது.

மறுவாரம் போனபோது தார்ப்பாயைக் காணோம்.
மவுங் தான், பக்கத்துக் குடிசைப் பையன்,
இடது இறக்கையைக் கோடாலியால் பிளந்து
சோறு பொங்கிக்கொண்டிருந்தான்.
ஓடுதளம் முழுக்கப்
பால் அடிப்பிடித்த வாடை.

அக்டோபர் 30: அளக்க இணைப்பு இல்லை
என்று எழுதிவிட்டு
அவன் நீட்டிய சோற்றை வாங்கித் தின்றேன்.
தீ அணைகிறது, நோட்டைக் கொடு என்றான்.
கொடுக்கவில்லை.